பாலேஸ்வரியின் பதினொரு குற்றங்கள்

ஈச்சம்புலத்தில் சாவது லேசு. செத்தவருக்குக் கல்வெட்டுப் பாடுவிப்பதுதான் பெரும்பாடு.

கல்வெட்டு என்றதும் கல்லையும் உளியையும் தேடவேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால், அவர் பிறந்த ஊர், வாழ்ந்த வாழ்வு, வெட்டிய கிணறு, கட்டிக்கொடுத்த பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரு புலவரைக்கொண்டு பாட்டாகக் கட்டுவித்து அச்சடிப்பார்கள். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடித்து வந்து, வீட்டுப் பந்தலில் ஊர் கூடியிருக்க, அதை ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். வாசித்து முடித்தால்தான் செத்தவர் வாழ்ந்தவர். வாசிக்கப்படாதவர் ஏதோ வந்தார், கொஞ்சநாள் சோறு தின்றார், போனார் என்ற அளவில் நின்றுவிடுவார்.

ஒரு காலத்தில் இதை அவரவர் விருப்பப்படி பாடுவித்தார்கள். பிறகு ஒரே கிழமையில் பாடப்பட்ட இரண்டு கல்வெட்டுகளில், ஒரே கிணற்றை இரண்டு பேர் தனித்தனியே வெட்டியதாக வந்து, கிணற்றடியில் மூன்று மண்டைகள் உடைந்தன. அன்று பிறந்ததுதான் ஈச்சம்புலம் சைவ ஒழுக்க பரிபாலன சபை. சபையின் ஒப்பம் இல்லாமல் ஊரில் எவருடைய வாழ்க்கையும் வாசிக்கப்படலாகாது என்பது அதன் முதலாவது விதி. தலைவர் பிறக்கிராசியார் சீவரத்தினம். நீதிமன்றத்தில் நாற்பது வருஷம் வழக்காடியவர். வென்ற வழக்கைவிட ஒத்திவைத்த வழக்கு அதிகம். காரியதரிசி நாகலிங்க வாத்தியார். ஊரில் எவர் செத்தாலும் கவி கட்டுகிறவர் அவர்தான். சாகாதவர்களுக்கும் முன்கூட்டியே சில அடிகள் எழுதி வைத்திருந்தார் என்று கேள்வி.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய அடுத்த வருஷம், ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், நல்லம்மா வெங்காயத் தறையில் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதித்து வந்த படப்பிடிப்புக்காரர் செபநாயகம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரம்பில் நின்றார்.

"அக்கை, பிள்ளை எங்களை விட்டிட்டுப் போட்டாள்."

நல்லம்மா கையிலிருந்த புல்லைக் கீழே போடவில்லை.

"மதராசிலை நெருப்புக் காய்ச்சல். முந்தநாள் எரிச்சுப் போட்டினமாம். எனக்குத்தான் தந்தி வந்தது."

"பக்கத்திலை ஆர் இருந்தது?" என்று நல்லம்மா கேட்டாள்.

செபநாயகத்துக்கு அது தெரியாது. நல்லம்மாவுக்கோ எதுவுமே தெரியாது. ஒரே பிள்ளை. பெயர் பாலேஸ்வரி. வயது இருபத்துமூன்று. அதில் கடைசி மூன்று வருஷம் அவள் என்ன உடுத்தாள், என்ன சாப்பிட்டாள், எதற்குச் சிரித்தாள் என்று பெற்றவளுக்குத் தெரியாது.

தெரியாமற்போன கதை இதுதான். புருஷன் செத்தபிறகு நல்லம்மாவும் மகளும் பட்டினத்துக்குப் பனங்கட்டி கொண்டுபோய் விற்றுவந்தார்கள். பெரியகடையில் ஒரு சீலை வியாபாரி, தன் சரக்குகளைப் படம்பிடித்துக் கடை வாசலில் வைக்கச் செபநாயகத்தை அமர்த்தியிருந்தார். செபநாயகம் மரப்பொம்மைக்குச் சீலை சுற்றிப் பார்த்தார், வாடகைக்கு வந்த நாடகக்காரன் ஒருவனுக்குச் சுற்றிப் பார்த்தார், இரண்டும் சரிவரவில்லை. பனங்கட்டிக் குட்டானோடு வந்த பாலேஸ்வரியைக் கண்டதும், "பிள்ளை, இந்தச் சீலையைச் சுத்திக்கொண்டு அசையாமல் ஒரு நிமிஷம் நில்லு" என்றார். அவள் நின்றாள். அந்த வருஷத் தீபாவளிக்குப் பட்டினத்தில் பெண்கள் சீலையைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளை உடுத்துக்கொண்டு நிக்கிற சீலை" என்றே கேட்டார்கள். அடுத்த தீபாவளிக்குப் படம் போதாதென்று, கடைக்குள்ளே ஒரு மேடை போட்டு அவளையே நிறுத்திவிட்டார்கள். சீலையை மாற்றி மாற்றி உடுத்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி நிற்பது அவள் வேலை. மதராசிலிருந்து வந்த படக் கம்பனி ஆள் ஒருவன் அங்கேதான் அவளைக் கண்டான். கப்பலேறிப் போய்ப் 'பத்மாசினி' என்ற பெயரில் பேசும் படத்தில் நடிக்கத் தொடங்கினாள்.

சபை கொதித்தது. பதினேழாம் தீர்மானம் நிறைவேறியது. மேற்படி பெண்ணிடமிருந்து வரும் கடிதங்கள் பிரிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்படும்; அதற்குச் சம்மதிக்காவிட்டால் தாய்க்கு ஊர் விலக்கு. கோயிலில் திருநீறு கிடையாது, நல்லது கெட்டதுக்கு ஆள் வராது, கிணற்றில் ஏற்றுத் துலா ஏறி நீர் இறைக்கப் பக்கத்துத் தோட்டக்காரன் கை கொடுக்கமாட்டான். நல்லம்மா பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். அவளுக்குக் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. கோபம் ஆறு மாதத்தில் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. பாலேஸ்வரி நடித்த படம் பட்டினத்துக் கொட்டகையில் மூன்று கிழமை ஓடியபோதும், பன்னிரண்டு மைல் நடக்கத் தெரிந்த அந்தக் கால்கள் வெங்காயத் தறையை விட்டு அசையவில்லை.

ஆனபடியால் அவளுக்கு இப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. முப்பத்தோராம் நாள் பந்தலில், பாலேஸ்வரி இன்னாள், இன்னது செய்தாள் என்று ஒருவர் வாசிக்க அதைக் கேட்கவேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத தாய்க்கு மகளின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கவில்லை.

முதலாம் ஞாயிற்றுக்கிழமை சபா மண்டபத்துக்குப் போனாள். மண்டபத்துக்குள் பெண்கள் நுழையலாகாது. அவர்களுடைய குரலும் நேரே நுழையலாகாது. அதனால் யன்னலுக்கு வெளியே நின்று சொல்லவேண்டும். ஒரு உறுப்பினர் அதைக் கேட்டுக்கொண்டு ஏழு அடி நடந்துபோய்த் தலைவரின் மேசையடியில் சொல்லுவார். அந்தப் பதவியில் இருந்தவர் தம்பிஐயா. வண்டில் வைத்திருப்பவர், நல்லம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.

"தம்பிஐயா, என்ரை பிள்ளைக்கு ஒரு கல்வெட்டுப் பாடவேணும். அவள் என்ன என்ன செய்தவள் எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது. ஒருக்கால் காதாலை கேட்டனெண்டால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

தம்பிஐயா ஏழு அடி நடந்தார். தொண்டையைச் செருமினார். "மேற்படி விதவையானவர், தமது புதல்வி செய்த சகல பிழைகளுக்கும் வருந்தி, சபையின் திருவுளம் எதுவோ அதைச் சிரமேற்கொள்வதாக விண்ணப்பிக்கிறார்."

"நான் உப்பிடிச் சொல்லேல்லையே!" என்றாள் நல்லம்மா யன்னலில்.

தம்பிஐயா திரும்பி வந்து, "சும்மா இரு அக்கை. உள்ளுக்கை உப்பிடித்தான் கதைக்கவேணும்" என்று அடங்கிய குரலில் சொன்னார்.

பிறக்கிராசியார் எழுந்தார். அவர் எழுந்தால் இலேசில் திரும்ப உட்காரமாட்டார் என்பது ஊருக்குத் தெரியும்.

"சபையோரே! மரணம் என்பது சாமானிய விஷயம் அன்று. அதை நாம் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளலாகாது. அதிலும் இந்தப் பெண்ணைப் பொறுத்தவரை இது முதல் மரணமும் அன்று. நமது பரிசோதனைக் குழுவினரின் கண்முன்னாலேயே இவர் ஒரு முறை இறந்திருக்கிறார். நாம் கலங்கினோம். நான் இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை. அடுத்த ஆறாம் மாதம் அதே கொட்டகையில், வேறொரு படத்தில், இவர் உயிரோடு வந்து பூப்பறித்துக்கொண்டு நின்றார். ஒரு முறை ஏமாந்த சபை மறுமுறையும் ஏமாறுமோ?"

உறுப்பினர்கள் தலையை ஆட்டினார்கள். ஏமாற்றம் அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரிந்தது.

செபநாயகம் கிறிஸ்து வேதக்காரர் என்றபடியால் அவருக்கு விறாந்தை வரைதான் அனுமதி. அங்கே நின்றபடி தந்தியை நீட்டினார். வாத்தியார் அதை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இதிலே பத்மாசினி காலமானார் என்று கண்டிருக்கிறது. ஈச்சம்புலத்தில் பத்மாசினி என்று எவரும் பிறந்ததாகப் பதிவில்லை. பிறக்காதவர் இறப்பது எங்ஙனம்?"

"ஐயா, அது கம்பனி வைச்ச பேர். எல்லாம் ஒரே பிள்ளைதான்" என்றார் செபநாயகம்.

"அப்படியானால் பாலேஸ்வரி காலமானார் என்று தந்தி எங்கே?"

பத்மாசினியும் பாலேஸ்வரியும் ஒருவரே என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் கடிதம் வாங்கிவர வேண்டுமென்று தீர்மானமாயிற்று. நல்லம்மா விதானையார் வீட்டு வாசலில் நான்கு நாள் நின்றாள். 'இருவரும் ஒருவரே என இருவரில் ஒருவரின் தாயார் சொல்லுகிறார்' என்று அவர் எழுதிக் கொடுத்தார். அதற்குள் பன்னிரண்டு நாள் போய்விட்டது. பிள்ளை செத்ததுக்கு அவள் இன்னும் ஒருநாளாவது இருந்து அழவில்லை. அழ நேரம் கிடைத்தால்தானே.

இரண்டாம் கூட்டத்தில் வாத்தியார் பாட்டுகளைக் கொண்டுவந்தார். மொத்தம் நாற்பது. ஊர் வழக்கப்படி முதற் பத்து ஈழவள நாட்டுக்கு. அடுத்த பத்து ஈச்சம்புலத்துக்கு. அதற்கடுத்த பத்து சபைக்கும் அதன் தலைவரின் பாட்டனார் கட்டிய மடத்துக்கும். மிச்சம் பத்துத்தான் செத்தவருக்கு. அந்தப் பத்தைத்தான் சபை பரிசீலித்தது. நல்லம்மா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள்.

வாத்தியார் கொஞ்சம் கூச்சத்தோடு தொடங்கினார்.

"பட்டுடுத்து நின்றாளைப் பார்த்தவர்கள் பார்த்தபடி
கட்டுண்டு நின்றனரே காண்."

"நிறுத்தும்!" என்றார் பிறக்கிராசியார். "பார்த்தவர்கள் என்று யாரைக் குறிக்கிறீர்?"

ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டார்.

"பொதுவாக... உலகோர்" என்றார் வாத்தியார்.

"உலகோர் பட்டினத்துக்கு வருவதில்லை. வெட்டும்."

பட்டு வெட்டுப்பட்டது. 'சென்னை சென்றாள்' என்பதில், எதற்குச் சென்றாள் என்ற கேள்வி எழும் என்றபடியால் அது 'தலயாத்திரை சென்றாள்' என்று மாறியது. எந்தத் தலம் என்று கேட்டால் என்ன செய்வது என்று ஒருவர் எழுப்பிய ஐயத்தால் அதுவும் போயிற்று. 'பல வேடம் புனைந்தாள்' என்ற அடியை, பல பிறவியிலும் ஆன்மா பல வேடம் பூணுகிறது என்று வாத்தியார் சித்தாந்தம் சொல்லிக் காப்பாற்றப் பார்த்தார். அப்படியானால் அது எல்லாருக்கும் பொது, இவருக்கென்று தனியே சொல்லுவானேன் என்று பிறக்கிராசியார் கேட்டார். அதுவும் வெட்டு. மாலைக்குள் பத்துப் பாட்டும் தேய்ந்து ஒரு பாட்டாயிற்று.

"தம்பிஐயா, பேராவது இருக்கோ எண்டு கேள்" என்றாள் நல்லம்மா.

தம்பிஐயா ஏழு அடி நடந்து கேட்டுவிட்டு வந்தார். பெயரைப் பற்றி அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்கப்படும்.

மூன்றாம் கூட்டம் வந்தபோது இருபத்தாறு நாள் கழிந்துவிட்டது. பெயரை வாசித்தால் நாளைக்கு நாலு பேர் தங்கள் பிள்ளைகளுக்கு அதே பெயரை வைப்பார்கள், அதே வழியில் விடுவார்கள் என்று பிறக்கிராசியார் அஞ்சினார். அப்படி அஞ்சுவதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் அலுமாரியில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பரிசோதனைக் குழு தயாரித்த குற்றப் பத்திரிகை.

அந்தக் குழுவின் உழைப்பைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பாலேஸ்வரி சீலைக் கடையில் சும்மா நிற்கிறாள் என்ற முறைப்பாட்டை விசாரிக்க, ஐந்து உறுப்பினர்கள் மூன்று நாள் காலை முதல் மாலை வரை கடை வாசலில் நின்று, அவள் உண்மையாகவே சும்மா நிற்கிறாள் என்று உறுதி செய்தார்கள். படம் வந்தபோது, அது ஒழுக்கக் கேடானதோ என்பதை ஒரு தடவையில் தீர்மானிக்க முடியவில்லை. பதினொரு தரம் பார்க்கவேண்டி வந்தது. ஊரில் வேறெவரும் பார்க்கலாகாது என்று தடையும் விதித்துவிட்டபடியால், அவர்கள் ஊருக்கும் சேர்த்தே பார்த்தார்கள். மாட்டு வண்டிலில் குலுங்கிக் குலுங்கிப் போய், இடுப்பு நோவோடு திரும்பி வந்து, ஒவ்வொரு தடவையும் குறிப்பெழுதினார்கள்.

வாத்தியார் பழுப்பேறிய கொப்பியைப் பிரித்தார்.

"நாலாவது குற்றம். கட்டம் போட்ட சீலை உடுத்து, கொசுவத்தை இடுப்பில் சொருகி, மேற்படி பெண் கிணற்றடிக்கு வருகிறார். நீரை அள்ளு முன் கிணற்றுக்குள்ளே எட்டிப் பார்க்கிறார். தன் முகத்தைக் கண்டதும்..."

நல்லம்மா யன்னல் கம்பியோடு முகத்தைச் சேர்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் முதலாக அவளுடைய பிள்ளை அவளுக்கு முன்னால் நடந்து வந்தாள். கட்டம் போட்ட சீலை. கொசுவத்தைச் சொருகிக்கொண்டு. எட்டிப் பார்க்கிறாள், முகத்தைக் கண்டதும்?

"நிறுத்தும்!" என்று பிறக்கிராசியார் கையை உயர்த்தினார். "யன்னலில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறார். இவை பெண்கள் காதில் விழத்தக்க விஷயங்கள் அல்ல. தம்பிஐயா, யன்னலைச் சாத்தும்."

"தம்பி, சாத்தாதை. முகத்தைக் கண்டோண்ணை என்ன செய்தவள்? அதை மட்டும் கேட்டுச் சொல்லு. ஒரு சொல்லுத்தான்."

தம்பிஐயா அவளுடைய முகத்தைப் பார்க்காமல் யன்னலைச் சாத்தினார். உள்ளே வாத்தியாரின் குரல் வண்டு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. நல்லம்மா பலகையில் காதை வைத்துப் பார்த்தாள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அன்றைக்குத்தான் அவள் வீட்டுக்குப் போய், அடுப்பு மூட்டாமல், வாய்விட்டு அழுதாள்.

முப்பத்தோராம் நாள் விடியக் கீரிமலைக்குப் போனார்கள். பெண் கருமம் செய்யலாகாது என்பதால் அதையும் தம்பிஐயாவே செய்தார். அவளுக்காக வாய் பேசியவர் அவளுக்காகக் கடலிலும் முழுகினார். எரித்த சாம்பல் மதராசில் எங்கேயோ போய்விட்டது. இங்கே தர்ப்பையில் ஒரு உருச் செய்து கரைத்தார்கள். குருக்கள் பெயர் கேட்டபோது தம்பிஐயா, மூன்றாம் கூட்டத்தில் பெயரை விலக்கிய சபைக்குப் பயந்து தடுமாறி, "ஒரு நங்கை" என்றார். நல்லம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். பந்தலில் எப்படியும் ஒரு இடத்தில் பெயர் வந்துவிடும் என்ற ஆசை அவளுக்கு இன்னும் இருந்தது.

பந்தலில் ஊரே கூடியது. சபை முன்வரிசைக் கதிரைகளில் இருந்தது. செபநாயகம் வேலிக்கு வெளியே சைக்கிளோடு நின்றார். வாத்தியார் இராகம் எடுத்தார். ஈழவள நாட்டில் மாரி பொழிந்தது. ஈச்சம்புலத்தில் வாழை குலை தள்ளியது. பிறக்கிராசியாரின் பாட்டனார் மடம் கட்டினார். அதில் வழிப்போக்கர், வெட்டுப்பட்ட ஒன்பது பாட்டின் இடத்தையும் நிரப்பிக்கொண்டு, படுத்தெழும்பினர். முப்பத்தொன்பது பாட்டு முடிந்தது. நாற்பதாம் பாட்டில், அத்தகைய சிறப்புப் பொருந்திய ஊரிலே ஒரு நங்கை பிறந்து நற்கதி சேர்ந்தாள் என்று முடித்து, வாத்தியார் புத்தகத்தை மூடினார். அருமை, அருமை என்றார்கள்.

நல்லம்மா தூணடியிலிருந்து எழும்பினாள். அது அவளுடைய சொந்த முற்றம். சொந்த முற்றத்தில் பெண்கள் பேசலாகாது என்று விதி இயற்றச் சபைக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

"வாத்தியார், இதிலை என்ரை பிள்ளை எங்கை?"

"நாப்பதாம் பாட்டிலை வந்தவ, நல்லம்மா."

"அது ஆரோ ஒரு நங்கை. என்ரை பிள்ளை பாலேஸ்வரி." அவள் முன்வரிசைக்கு நேரே வந்து நின்றாள். "எனக்கு உந்தக் கல்வெட்டு வேண்டாம் ஐயா. நீங்கள் அலுமாரிக்கை வைச்சிருக்கிற குற்றத்தை வாசியுங்கோ. அதிலைதான் என்ரை பிள்ளை இருக்கிறாள்."

பந்தலில் ஒரே கசமுசா. பிறக்கிராசியார் எழுந்து கையமர்த்தினார். சட்டப் பிரச்சினை என்றால் அவருக்கு இளமை திரும்பிவிடும்.

"குற்றப் பத்திரிகையை நினைத்தபடி வாசிக்க முடியாது. விதி இருக்கிறது. குற்றவாளி நேரில் சமூகமளிக்கவேண்டும். ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒப்புதல் கேட்கப்படவேண்டும். குற்றவாளியோ மரணமடைந்துவிட்டார், அதுவும் இம்முறை நிச்சயமாக."

"நான் நிக்கிறன்."

"என்ன?"

"குற்றவாளியாய் நான் நிக்கிறன். பெத்து வளத்தது நான்தானே. என்ரை பேரை எழுதிப்போட்டு வாசியுங்கோ."

"அக்கை, விசரே உனக்கு?" தம்பிஐயா பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். "ஒப்புக்கொண்டால் ஒரு வருஷம் ஊர் விலக்கு. ஏற்று இறைக்க ஆள் வராது. செத்தாலும் தூக்க வரமாட்டினம்."

மூன்று வருஷம் அவளைக் கட்டிப்போட்டிருந்த பயம் அதுதான். நல்லம்மா அவருடைய கையை எடுத்துவிட்டாள். "தண்ணியை நான் வாளியாலை அள்ளிக்கொள்ளுவன். இனி என்னைத் தூக்கினாலென்ன, விட்டாலென்ன. வாசியுங்கோ ஐயா."

சபை கூடிக் கூடிக் கதைத்தது. தேடிப் பிடித்தாலும் கிடைக்காத குற்றவாளி தானாக வந்து நிற்கும்போது விடுவதற்கு எந்தச் சபைக்கு மனம் வரும்? தம்பிஐயாவே போய்க் கொப்பியை எடுத்துவந்தார். பெண்கள் காதில் விழலாகாது என்ற விதி என்னாவது என்று ஒருவர் கேட்டார். குற்றவாளிக்கு அந்த விதி பொருந்தாது என்று பிறக்கிராசியார் தீர்ப்புச் சொன்னார். மற்றப் பெண்கள் காதைப் பொத்தவேண்டும். குசினி வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் கையைக் காதில் வைத்தார்கள், விரல்களை விரித்தபடி.

"முதலாவது. பெரியகடைச் சீலைக் கடையில் மூன்று நாட்கள், செய்தொழில் எதுவுமின்றி, நிமிர்ந்து நின்றமை. ஒப்புக்கொள்ளுகிறீரா?"

"ஓம்."

"இரண்டாவது. ஒரே நாளில் ஏழு சீலைகள் மாற்றி உடுத்தமை. அவற்றுள் கத்தரிப்பூ நிறச் சீலை அவருக்கு மிகவும் பொருந்தியிருந்தமை."

"ஓம். அவளுக்கு அந்த நிறம் எடுக்கும்."

"மூன்றாவது. அவ்வாறு நிற்கையில், சீலை வாங்க வழியின்றி வாசலில் நின்ற ஏழைப் பெண் ஒருத்தியைத் தம்மிடம் வருமாறு சைகை காட்டி, முந்தானையைத் தொட்டுப் பார்க்க விட்டமை. இதனால் கடைக்காரருக்கு மனவருத்தம் உண்டாக்கியமை."

நல்லம்மா தலையை ஆட்டினாள். வாத்தியார் அதை ஒப்புதலாக எழுதிக்கொண்டார்.

"நாலாவது. கட்டம் போட்ட சீலை உடுத்து, கொசுவத்தை இடுப்பில் சொருகி, கிணற்றடிக்கு வருகிறார். நீரை அள்ளு முன் எட்டிப் பார்க்கிறார். தன் முகத்தைக் கண்டதும் நாக்கை நீட்டிப் பழிக்கிறார். பிறகு சிரிக்கிறார்."

"நாக்கை நீட்டினவளோ!" நல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எவ்வளவு நேரம் சிரிச்சவள்?"

வாத்தியார் கொப்பியைக் கிட்டப் பிடித்தார். "அதிலை குழுவுக்குள்ளை அபிப்பிராய பேதம். சிலர் ஒன்பது விநாடி என்றும், தலைவர் அவர்கள் பதின்மூன்று விநாடி என்றும் குறித்திருக்கினம். பதினொரு தரம் பார்த்தும் முடிவாகேல்லை."

"பதின்மூன்றுதான்" என்றார் பிறக்கிராசியார்.

ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது எல்லாம் அவள் பாடிய பாட்டும் ஓடிய ஓட்டமும் பிடித்த மான்குட்டியும். எட்டாவது, மழையில் நனைந்து தும்மியமை. அது நடிப்பன்று, மெய்யான தும்மல் எனக் குழு கருதியமை. "சின்னனிலையும் மழை பட்டால் தும்முவாள்" என்றாள் நல்லம்மா. ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றாள். நாற்பது பாட்டுக்கும் கொட்டாவி விட்டவர்கள் இப்போது கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்பதாவது. வாழையிலையில் வைத்த சோற்றை, பார்ப்போர் மனம் கலங்கும்படி, மிகுந்த பசியோடு உண்டமை."

"வயிறாறச் சாப்பிட்டவளோ?"

வாத்தியார் கொப்பியில் விரலை ஓட்டிப் பார்த்தார். "நாலு வாய்தான், நல்லம்மா. அதோடை அந்தக் காட்சி வெட்டுப்பட்டிட்டுது."

பத்தாவது குற்றத்தை நல்லம்மா கேட்டாளோ தெரியாது. அவள் மனம் அந்த வாழையிலையிலேயே நின்றுவிட்டது. ஓம் என்று மட்டும் சொன்னாள்.

"பதினோராவது." வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். "கடைசிக் காட்சியில் நோயுற்றுக் கிடந்து இறக்குந் தறுவாயில், படத்தில் ஏனையோர் எல்லாரும் பெற்றவளை அம்மா என்றே அழைத்திருக்க, மேற்படி பெண் மாத்திரம், 'எணை ஆச்சி, வாணை' என்று மூன்று முறை கூப்பிட்டமை. பெற்றவளை இவ்வாறு அழைப்பவர் யாழ்ப்பாணத்தார் மட்டுமே ஆதலால், இவர் எந்த நாட்டுப் பெண் என்பது அயல்நாட்டார்க்கெல்லாம் வெளியாகி, நமது மானம் கப்பலேறியமை."

"ஒப்புக்கொள்ளுகிறீரா?" என்று பிறக்கிராசியார் கேட்டார்.

நல்லம்மா வாத்தியாரைப் பார்த்தாள். "மூண்டு தரமோ?"

"ஓம்" என்றார் வாத்தியார். "மூண்டு தரம். பதினொரு நாளும் மூண்டு தரம்."

"ஒப்புக்கொள்ளுகிறீரா?"

"ஓம் ஐயா" என்றாள் நல்லம்மா. "என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான்தான் போகேல்லை."

வாத்தியார் பேனாவை மையில் தோய்த்து, பதினோராம் குற்றத்துக்கு எதிரே, குற்றவாளி ஒப்புக்கொண்டார் என்று எழுதினார்.